திறந்த எம்.ஆர்.ஐ.யா, குழாய் எம்.ஆர்.ஐ.யா: பினாங்கில் முடிவெடுக்கத் திணறுபவர்களுக்கு

முதுகுவலிக்கோ முழங்கால் வலிக்கோ எம்.ஆர்.ஐ. எடுத்து வரும்படி மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்ததும், வந்த வலியை மறந்துவிட்டு அந்தக் குழாயை நினைத்தே தூக்கத்தைத் தொலைப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஜார்ஜ்டவுனிலும் பிறகு பட்டர்வொர்த் பக்கத்திலுமாக 25 ஆண்டுகளுக்கு மேல் ஸ்கேன் அறையில் ரேடியோகிராஃபராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், உறவுக்காரர்களும் கோயிலில் பார்க்கிறவர்களும் என்னை நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "திறந்த மெஷின்ல எடுக்கலாமாண்ணே, படம் நல்லா வருமா?"

இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்கிறவரை நம்ப வேண்டாம் என்பேன். எந்த உறுப்பில் எவ்வளவு சிறிய கோளாற்றைத் தேடுகிறோம், படுக்கப் போகிறவர் உண்மையில் எதைக் கண்டு அஞ்சுகிறார் என்ற இரண்டும் தெரியாமல் எந்தக் கருவியையும் பரிந்துரைக்க முடியாது. மேலும், திறந்தது, மூடியது என்ற இரண்டுக்கு இடையில் மட்டுமே தேர்வு இருந்த காலம் போய்விட்டது. அகன்ற குழாய் கொண்ட கருவிகளும், மாத்திரை அல்லது மயக்க மருந்தின் துணையோடு வழக்கமான குழாயிலேயே எடுக்கும் வழியும் இன்று இருக்கின்றன. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் கடைசியில் சொல்வது, அவர்கள் கேட்ட இரண்டில் எதுவுமாக இருப்பதில்லை.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், தேடப்படும் பொருளின் அளவு. இடுப்பு முதுகெலும்புகளுக்கு இடையிலிருந்து பிதுங்கி நரம்பை அழுத்தும் வட்டு (டிஸ்க்) பெரியது; எந்தக் கருவியிலும் தெரியும். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியோ ஏறத்தாழ 8 மி.மீ. உயரமே கொண்டது, அதற்குள் இருக்கும் சிறு கட்டியைக் காண மெல்லிய துண்டுகளாகப் படம் எடுக்க வேண்டும். மருத்துவரிடம் "எந்த மெஷின்" என்று கேட்பதைவிட "எதைத் தேடுகிறீர்கள்" என்று கேட்பது நல்லது.

இரண்டாவது, அசையாமல் எவ்வளவு நேரம் படுத்திருக்க முடியும் என்பது. எம்.ஆர்.ஐ. கைப்பேசியில் எடுக்கும் புகைப்படத்தைப் போன்றதன்று. ஒவ்வொரு வரிசைப் படமும் சில நிமிடங்கள் தகவலைச் சேர்த்துத்தான் உருவாகிறது. நடுவில் ஒருமுறை தோளைத் திருப்பினால் அந்த வரிசை முழுவதும் கலங்கிப்போகும்.

மூன்றாவது, உடல்வாகும் அச்சத்தின் இயல்பும். நான்காவது, உடலுக்குள்ளும் உடலின்மேலும் இருக்கும் உலோகம். ஐந்தாவதுதான் பணம், அதிலும் முதல் ஸ்கேனின் கட்டணத்தைவிட, அது போதாமல் இரண்டாவது எடுக்க நேர்ந்தால் ஆகும் செலவே என் கணக்கில் பெரியது.

காந்தத்தின் வலிமை ஏன் படத்தைத் தீர்மானிக்கிறது

நம் உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தத்துக்குள் போகும்போது அதன் திசைக்கு ஏற்ப ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையால் அவற்றைச் சற்றே கலைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளிவிடும் மெல்லிய சமிக்ஞையைப் பிடித்துப் படமாக்குவதே இந்தத் தொழில்நுட்பம். இதில் எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை. காந்தம் வலிமையாக இருந்தால் சமிக்ஞை ஓங்கியிருக்கும்; வலிமை குறைந்தால் இரைச்சலுக்கு நடுவே அது தேய்ந்து போகும். வலிமையை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். மருத்துவமனைகளில் மிகப் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு வலியது. பழைய வகைத் திறந்த கருவிகள் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 டெஸ்லா வரைதான்.

சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் காந்த வலிமையோடு ஏறத்தாழ நேராக ஏறுகிறது. ஆகவே 0.3 டெஸ்லாவில் கிடைப்பது 1.5 டெஸ்லாவில் கிடைப்பதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் குறையை ஈடுகட்ட ஒரே படத்தைப் பலமுறை எடுத்துச் சராசரி காணலாம். ஆனால் தெளிவை இரண்டு மடங்காக்க நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும், ஐந்து மடங்காக்க இருபத்தைந்து மடங்கு வேண்டும். அவ்வளவு நேரம் யாரும் படுத்திருக்க முடியாது என்பதால், திறந்த கருவியில் துண்டுகளைத் தடிமனாக்கிச் சமாளிக்கிறார்கள். 1.5 டெஸ்லாவில் 3 மி.மீ. தடிமனில் வெட்டிப் பார்ப்பதை இங்கே 4 அல்லது 5 மி.மீ. தடிமனில் பார்க்க நேரிடும். வாழைக்காயை மெல்லிய வறுவலாகச் சீவுவதற்கும் பஜ்ஜிக்கு நறுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு மிளகளவு கறுப்பு இருந்தால், தடித்த துண்டில் அது மறைந்துவிடக்கூடும்.

நியாயமாகச் சொன்னால், குறைந்த புலத்துக்கும் சில சாதகங்கள் உண்டு. பல திறந்த கருவிகளில் காந்தப்புலம் மேலும் கீழுமாக ஓடுவதால், சமிக்ஞையை நன்றாகப் பிடிக்கும் சுருள்வடிவக் காயில்களை, அதாவது கம்பிச் சுருள்களை, உடலைச் சுற்றிப் போட முடிகிறது. இழந்ததில் ஒரு பகுதி அதனால் திரும்பக் கிடைக்கிறது. உலோகத் தகட்டைச் சுற்றி விழும் கறுப்புக் கறை குறைவு. சத்தம் குறைவு, உடல் சூடேறுவதும் குறைவு. புதிய கருவிகளில் இரைச்சலைக் கணினியே கற்றுக்கொண்டு நீக்கும் முறைகள் வந்திருப்பதால், பத்தாண்டுகளுக்கு முன்பு நான் சொன்ன அளவுக்குக் கடுமையாக இப்போது திறந்த கருவிகளைக் குறை சொல்வதில்லை.

திறந்த கருவி: பக்கம் திறந்தது, மேலே திறந்ததன்று

விளம்பரப் படத்தைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான். இரண்டு பெரிய வட்டத் தட்டுகளுக்கு நடுவே படுக்கை செல்லும். நாலா பக்கமும், அல்லது மூன்று பக்கமாவது, வெளிச்சமாக இருக்கும். கையை நீட்டலாம், உடன் வந்தவர் பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கீழ்த் தட்டுக்கும் மேல் தட்டுக்கும் இடையிலுள்ள உயரம் பல கருவிகளில் 40 முதல் 45 செ.மீ. வரைதான். வழக்கமான குழாயின் குறுக்களவு 60 செ.மீ.; அதில் படுக்கை எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால், முகத்துக்கு மேலே கிடைக்கும் வெளி இரண்டிலும் பெரிதாக வேறுபடுவதில்லை.

எனவே அச்சத்தின் இயல்பைக் கேட்டறிய வேண்டியிருக்கிறது. லிஃப்ட் கதவு மூடினால் மூச்சு முட்டுகிறவர், தனியாக அடைபட்டுவிடுவோமோ என்று பதறுகிறவர், தோள்கள் இரண்டும் உரசுவதைத் தாங்க முடியாதவர் ஆகியோருக்குத் திறந்த கருவி பெரும் விடுதலை. மூக்குக்கு நேர் மேலே கூரை இறங்கி வருவதுதான் பயம் என்பவருக்கு அது பாதி ஆறுதலைத்தான் தரும். வயிறு உயர்ந்த பருத்த உடல்வாகினருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அகலத்துக்கு இடம் தாராளமாக இருக்கும், உயரத்துக்கு இருக்காது. தோள் அகன்ற மெலிந்த மனிதருக்கு நேர்மாறாக இது மிகப் பொருத்தமாக அமையும்.

மூளைக்கோ கழுத்துக்கோ எடுக்கும்போது, கருவி திறந்ததாக இருந்தாலும் தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற காயிலை மாட்டுவார்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. "திறந்த மெஷின் என்றுதானே சொன்னீர்கள், இது என்ன முகமூடி" என்று எழுந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படத்தின் தரத்துக்கு வருவோம். இடுப்பு வட்டுப் பிதுக்கம், முதுகுத்தண்டுக் குழாய் குறுகுதல், முழங்காலின் பெரிய தசைநார்க் கிழிசல், குறுத்தெலும்பு வட்டு கிழிந்திருப்பது, மூளையில் நீர் தேங்கியிருப்பது போன்றவற்றுக்குக் குறைந்த புலக் கருவி பெரும்பாலும் போதுமானது. மணிக்கட்டின் சிறு தசைநார்கள், மூட்டின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய குறுத்தெலும்பு, உட்காது நரம்பு, பிட்யூட்டரி, மார்பகம், புராஸ்டேட், இதயம், வலிப்பு நோய்க்கான மூளை ஆய்வு ஆகியவற்றுக்கு அது பொருத்தமில்லை. புதிதாக ஏற்பட்ட பக்கவாதத்தைக் கண்டறியும் பரவல் படங்களும் இதில் தரம் குறைகின்றன.

கொழுப்பின் சமிக்ஞையை அணைத்துவிட்டு வீக்கத்தை மட்டும் காட்டும் படங்கள் மூட்டு ஆய்வுக்கு இன்றியமையாதவை. நீருக்கும் கொழுப்புக்கும் இடையிலுள்ள அதிர்வெண் வேறுபாடு 1.5 டெஸ்லாவில் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸ், 0.3 டெஸ்லாவில் அது 45 ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடுவதால், கொழுப்பை மட்டும் தனியே பிரித்து அணைப்பது கடினமாகிறது. வேறு முறையில் அணைக்க முடியும். ஆனால் அதற்கு நேரமும் கூடும், படமும் சற்று மங்கும்.

எல்லாத் திறந்த கருவிகளும் வலிமை குறைந்தவை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஃபிலிப்ஸின் பனோரமா 1.0 டெஸ்லாவிலும் ஹிட்டாச்சியின் ஓயசிஸ் 1.2 டெஸ்லாவிலும் இயங்கும் திறந்த கருவிகள். அவற்றின் படங்கள் 1.5 டெஸ்லாவுக்கு அருகில் வரும். ஆகவே "ஓபன்" என்ற சொல்லைக் கேட்டதும் நின்றுவிடாமல், எத்தனை டெஸ்லா என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.

வழக்கமான குழாய்: 60 செ.மீ., 1.5 அல்லது 3 டெஸ்லா

தெளிவு, வேகம், எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தும் தன்மை ஆகிய மூன்றிலும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. இடுப்பு முதுகெலும்பைத் திறந்த கருவியில் எடுக்க 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகுமென்றால், இங்கே 20 முதல் 30 நிமிடத்தில் முடியும். அஞ்சுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். பாதி நேரம் நெருக்கத்தில் இருப்பதா, முழு நேரம் விசாலத்தில் இருப்பதா என்பது ஒவ்வொருவருக்கும் வேறு விடை தரும் கேள்வி.

3 டெஸ்லா என்றால் 1.5-ஐவிட எப்போதும் நல்லது என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. நுண்ணிய நரம்பு, மூட்டு, புராஸ்டேட் ஆய்வுகளுக்கு அது உண்மை. ஆனால் வானொலி அலையால் உடல் ஏற்கும் வெப்பம் புல வலிமையின் இருமடியாக ஏறுவதாலும், உலோகத் தகடுகளைச் சுற்றிய கறை பெரிதாவதாலும், சத்தம் அதிகம் என்பதாலும், சாதாரண முதுகுவலிக்காக 3 டெஸ்லாவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தக் குழாயின் கெட்ட பெயருக்குக் காரணம் நெருக்கமும் சத்தமும். காந்தப்புலத்தை நொடிக்கு நொடி மாற்றும் சுருள்கள் அதிர்வதால் எழும் தட்டல் ஓசை 100 டெசிபலைத் தாண்டக்கூடும்; காதடைப்பான் இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது. ஆனால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கால் முதலில் செல்லும். தலை வெளியிலேயே அல்லது குழாயின் வாயருகே இருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 500-க்கும் மேற்பட்ட படிகளைக் காவடியோடு ஏற நேர்ந்துகொண்டு, அதற்கு முன் முழங்காலைப் பார்த்துவிடலாம் என்று வந்த பட்டர்வொர்த்துக்காரர் ஒருவர், திறந்த கருவி கிடைக்காததால் இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருந்தார். தலை உள்ளே போகாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்ன அன்றே எடுத்துக்கொண்டார்.

அகன்ற குழாய்: பலர் கேட்க மறக்கும் நடுவழி

70 செ.மீ. குறுக்களவு கொண்ட 1.5 டெஸ்லா கருவிகள் 2004-இல் சீமென்ஸின் எஸ்பிரீயுடன் சந்தைக்கு வந்தன. இன்று புதிதாக வாங்கப்படும் கருவிகளில் இவை சாதாரணமாகிவிட்டன. பத்து செ.மீ. என்பது காகிதத்தில் அற்பமாகத் தோன்றும். படுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும், நெற்றிக்கு மேலே சில விரற்கடை காற்று கூடியிருப்பதும் முழங்கைகள் சுவரை உரசாமல் இருப்பதும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது. குழாயின் நீளமும் பலவற்றில் குறைந்திருப்பதால், இடுப்புக்கு எடுக்கும்போது முகம் ஏறக்குறைய வெளிச்சத்தில் இருக்கும்.

புலம் வலியது என்பதால் படத்தில் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை. மிகப் பெரிய பகுதியை ஒரே படத்தில் அடக்கும்போது ஓரங்களில் சற்று வளைவு தெரியலாம், அவ்வளவுதான். என்னிடம் கேட்டுவரும் அச்சமுள்ளவர்களில் பெரும்பான்மையினருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 80 செ.மீ. அகலம் கொண்ட 0.55 டெஸ்லா கருவியொன்றையும், ஃபிரீ.மேக்ஸ் என்ற பெயரில், சீமென்ஸ் பின்னர் கொண்டுவந்திருக்கிறது. அது திறந்த கருவிக்கும் அகன்ற குழாய்க்கும் இடைப்பட்டது.

ஒரு சிக்கல் உண்டு. சில இடங்களில் அகன்ற குழாயையே "ஓபன்" என்று சொல்லி முன்பதிவு எடுத்துவிடுவார்கள். நாலா பக்கமும் திறந்திருக்கும் என்று நம்பி வந்தவர், குழாயைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். தவறு அவருடையதன்று.

நின்றோ உட்கார்ந்தோ எடுக்கும் கருவி

அமெரிக்காவின் ஃபோனார் நிறுவனம் செய்யும் 0.6 டெஸ்லா கருவி போன்றவற்றில், உடல் எடை முதுகெலும்பின்மீது இறங்கும் நிலையிலேயே படம் எடுக்கலாம். படுத்தால் மறைந்து, நின்றால் மட்டும் வரும் கால் வலிக்கு இது பயன்படக்கூடும். நம் பக்கத்தில் இதைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. நின்ற நிலையில் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயே பல வேளைகளில் மருத்துவரின் ஐயத்தைத் தீர்த்துவிடும்.

மாத்திரையோ மயக்கமோ தந்து குழாயில் எடுப்பது

பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையை மருத்துவரே எழுதிக் கொடுத்து, ஸ்கேனுக்குச் சற்று முன் விழுங்கச் செய்வது எளிய வழி. அன்று வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும், அவருடைய அரை நாள் சம்பளமும் கிராப் வாடகை வண்டிக் கட்டணமும் செலவில் சேரும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு இந்த மாத்திரைகள் மூச்சை மேலும் தளர்த்திவிடும். பக்கத்து வீட்டாரிடமிருந்து இரவல் வாங்கி விழுங்கிவிட்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். அதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

முழு மயக்கம் என்பது வேறு அளவிலான ஏற்பாடு. பொதுவாகத் திட உணவை ஆறு மணி நேரமும் தெளிந்த நீர்மத்தை இரண்டு மணி நேரமும் முன்பே நிறுத்த வேண்டும்; மயக்கவியல் நிபுணரும், காந்த அறைக்குள் கொண்டுபோகத்தக்க கண்காணிப்புக் கருவிகளும் வேண்டும்; பகல்நேர வார்டில் படுக்கையும் வேண்டும். சிறு குழந்தைகளுக்கும், அசையாமல் படுக்க இயலாத அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கும், 1.5 டெஸ்லா படம் தவிர்க்க முடியாதது என்ற நிலையில் இது நியாயம். முதுகுவலிக்காரர் ஒருவர் திறந்த கருவியிலேயே எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இது தேவையில்லாத சுமை.

| தேர்வு | காந்த வலிமை | இடவசதி | இடுப்புக்கு ஆகும் நேரம் | எதற்குப் பொருந்தும் | எங்கே தடுமாறும் |
|---|---|---|---|---|---|
| திறந்த கருவி | பெரும்பாலும் 0.2–0.4 டெஸ்லா, சில 1.0–1.2 | பக்கங்கள் திறந்தவை. உயரம் 40–45 செ.மீ. | 40–60 நிமிடம் | வட்டுப் பிதுக்கம், பெரிய கிழிசல், துணை அருகில் வேண்டுபவர் | சிறு கட்டி, இதயம், மார்பகம், புராஸ்டேட், உட்காது |
| வழக்கமான குழாய் | 1.5 அல்லது 3 டெஸ்லா | 60 செ.மீ. | 20–30 நிமிடம் | எல்லா ஆய்வுகளும் | கடும் அச்சம், அகன்ற தோள் |
| அகன்ற குழாய் | பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா | 70 செ.மீ. | 20–30 நிமிடம் | மிதமான அச்சம், பருத்த உடல் | குழாய் என்றாலே முடியாது என்பவர் |
| மயக்கத்துடன் குழாய் | 1.5 அல்லது 3 டெஸ்லா | பொருட்டன்று | தயாரிப்போடு அரை நாள் | குழந்தைகள், அசையாதிருக்க இயலாதவர் | மூச்சுக் கோளாறு, செலவு |

உலோகம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை

திறந்த கருவியின் காந்தம் வலிமை குறைந்தது என்பதால், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதில் அஞ்சாமல் எடுக்கலாம் என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லி அது பரவியிருக்கிறது. உண்மை ஏறக்குறைய தலைகீழானது. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது என்று சான்றளிக்கப்பட்ட பேஸ்மேக்கர்கள் 1.5 அல்லது 3 டெஸ்லாக் குழாய்க் கருவிகளில் சோதிக்கப்பட்டு, அந்த நிபந்தனையோடுதான் அனுமதி பெறுகின்றன. மேலும் கீழுமாகப் புலம் ஓடும் திறந்த கருவி, இந்தப் பேஸ்மேக்கர்களில் பலவற்றின் நிபந்தனைக்குள் வராது. பொருத்தியபோது கொடுத்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால்தான் முடிவு சொல்ல முடியும். மூளை இரத்தக்குழாயில் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கிளிப்புகளும் அப்படியே. எலும்பு முறிவுக்குப் போட்ட டைட்டானியம் தகடு, திருகு போன்றவை வேறு கதை. அவற்றை வைத்துக்கொண்டு எடுக்கலாம். தகட்டுக்கு அருகிலுள்ள பகுதியைத்தான் பார்க்க வேண்டும் என்றால், கறை குறைவாக விழும் திறந்த கருவிக்கு இங்கே ஒரு மதிப்பெண் கூடுகிறது.

உடலின்மேல் இருப்பவற்றை எந்தக் கருவியாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்கும் பெண்கள், மஞ்சள் கிழங்கு கோத்த மஞ்சள் கயிற்றை முன்தினமே அணிந்து வந்துவிட்டால், கடைசி நிமிடக் கண்ணீரும் வாக்குவாதமும் இல்லாமல் போகும். வருடக்கணக்காகக் கழற்றாத மூக்குத்தி, மெட்டி, இடுப்பிலுள்ள வெள்ளி அரைஞாண், தகடு வைத்த தாயத்து ஆகியவற்றையும் வீட்டிலேயே கழற்றுவது எளிது. ஸ்கேன் அறை வாசலில் சோப்புத் தண்ணீரோடு போராடுவது கடினம். நம் வட்டாரத்தில் நாங்கள் தாழ்ந்த குரலில் கேட்கும் இன்னொரு கேள்வி சுசுக் பற்றியது. அழகுக்காகவோ பாதுகாப்புக்காகவோ தோலுக்கடியில் பதிக்கும் அந்த நுண்ணிய ஊசிகளை, கணவனிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரியும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். ரேடியோகிராஃபரிடம் தனியே சொல்லிவிடுங்கள், நாங்கள் யாரிடமும் பேசுவதில்லை. பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் பட்டறைகளில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதுண்டா என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள்.

கட்டணச் சீட்டில் தெரியாத செலவுகள்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த பெண்ணொருவர், மாதவிலக்கு நின்றுபோய் ஹார்மோன் கோளாறு என்று மருத்துவர் ஐயுற்றதால் பிட்யூட்டரிக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது. பயத்தினால் வெளியில் ஓரிடத்தில் திறந்த கருவியில் எடுத்து வந்தார். 5 மி.மீ. தடிமனில் வெட்டிய படங்களில் சுரப்பியே இரண்டு துண்டுகளில்தான் தெரிந்தது. அறிக்கை, உயர்புலக் கருவியில் மீண்டும் எடுக்கும்படி பரிந்துரைத்து முடிந்திருந்தது. இரண்டு கட்டணம், இரண்டு நாள் விடுப்பு, நடுவில் மூன்று வாரக் கவலை. முதலிலேயே அகன்ற குழாயைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் எல்லாம் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

நேர்மாறான கதையும் உண்டு. இடுப்பு வலிக்காரர் ஒருவரை அவர் குடும்பத்தார் "பெரிய மெஷின்" வேண்டும் என்று 3 டெஸ்லாவுக்கு அழைத்து வந்தார்கள். மூன்று முறை உள்ளே அனுப்பினோம், மூன்று முறையும் கையில் கொடுத்திருந்த அழைப்பு மணிப் பந்தை அழுத்தி வெளியே வந்தார். எடுத்த வரை இருந்த படங்கள் அனைத்தும் அசைவால் கலங்கியிருந்தன. பிறகு வேறிடத்தில் திறந்த கருவியில், மகள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அசையாமல் படுத்து எடுத்த சாதாரணப் படத்தில் வட்டுப் பிதுக்கம் பளிச்சென்று தெரிந்தது. காகிதத்தில் பத்து மடங்கு தெளிவான கருவி, அசைகிற உடலுக்கு முன்னால் தோற்றுப்போகும்.

காப்புறுதி வைத்திருப்பவர்கள், கட்டணத்தை நிறுவனமே ஏற்கும் என்ற உத்தரவாதக் கடிதம் எந்தச் சூழலில் கிடைக்கும் என்பதை ஸ்கேனுக்கு முன்பே முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்குப் பல திட்டங்கள் நேரடியாகப் பணம் தருவதில்லை. மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னரான குறிப்பிட்ட நாள்களுக்குள் எடுத்திருந்தால் பின்னர் கோரலாம் என்பது வழக்கமான நிபந்தனை. அச்சத்தினால் நிறுத்திய ஸ்கேனுக்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு. ஒரே பகுதிக்கு இரண்டாவது ஸ்கேன் என்றால் காப்புறுதி நிறுவனத்தார் ஏன் என்று கேட்பார்கள்.

அரசாங்க மருத்துவமனையில் காத்திருக்கும் நாள் நீளம் என்பதால், வெளியில் படம் எடுத்துக்கொண்டு போய் அங்குள்ள நிபுணரிடம் காட்டுகிறவர்கள் பலர். அவர்கள் திறந்த கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த நிபுணருக்கு அது போதுமா என்று கேட்டுவிட வேண்டும். அறிக்கைத் தாளை மட்டும் வாங்காமல், படங்கள் பதிந்த சிடியையும் கேட்டு வாங்குங்கள். அறுவைச் சிகிச்சை செய்கிறவர் பார்க்க விரும்புவது படத்தைத்தான்.

சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நீரிழிவு நம் சமூகத்தில் அதிகம் என்பதால் இன்னொன்று. கட்டி போன்றவற்றைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்க வேண்டிய ஸ்கேன் என்றால், பல இடங்களில் சிறுநீரகச் செயல்பாட்டுக்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்யப்படும். அதன் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். குறைந்த புலக் கருவியில் அந்த மருந்து தரும் பளிச்சும் ஓரளவு மங்கும். கட்டிக்காக மருந்து ஏற்றி எடுக்கச் சொல்லியிருந்தால் குழாயே சரி.

யாருக்கு எது

சீட்டில் இடுப்பு, கழுத்து, முழங்கால் என்று இருந்து, குழாய் என்ற சொல்லைக் கேட்டாலே வியர்ப்பவராக நீங்கள் இருந்தால், அல்லது மறதி நோயுள்ள முதியவரை அழைத்துப் போகிறவராக இருந்தால், திறந்த கருவிக்குப் போகலாம். குற்றவுணர்வு வேண்டாம், படம் போதும். சற்றே பயம், சமாளிக்கலாம் என்பவர்களும், உடல் பருத்தவர்களும் அகன்ற குழாயைக் கேளுங்கள். எடை 150 கிலோவுக்கு மேல் என்றால் படுக்கையின் தாங்கும் அளவையும் கேட்டுவிடுங்கள், அது கருவிக்குக் கருவி மாறும். புற்றுநோய், வலிப்பு, காது நரம்பு, சுரப்பி, இதயம், புராஸ்டேட் என்று எழுதியிருந்தால் 1.5 டெஸ்லாவுக்குக் கீழே இறங்க வேண்டாம். பயம் பெரிதென்றால் கருவியை மாற்றாமல் மாத்திரையைச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது நான்கு கேள்விகள் போதும். எத்தனை டெஸ்லா? குழாய் என்றால் குறுக்களவு எத்தனை செ.மீ., திறந்தது என்றால் உயரம் எவ்வளவு? என் பரிசோதனைக்குத் தலை உள்ளே போகுமா? பாதியில் நிறுத்தினால் கட்டணம் என்ன? எண்களைச் சொல்லத் தெரியாத முகப்புப் பணியாளர், ஸ்கேன் அறைக்கு இணைப்பைத் தருவார். அங்கே இருப்பவர் சொல்லிவிடுவார். முடிந்தால் முன்தினம் ஒருமுறை நேரில் சென்று கருவியைப் பார்த்து வாருங்கள், அறை காலியாக இருந்தால் ஐந்து நிமிடம் படுத்துப் பார்க்கவும் விடுவார்கள். உள்ளே போகும் முன்பே, வெளிச்சத்தில் இருக்கும்போதே கண்ணைத் துணியால் மூடிக்கொண்டுவிட்டால், கூரை எங்கே இருக்கிறது என்று கடைசி வரை தெரியாமலே வெளியே வந்துவிடலாம். கையில் கொடுக்கும் ரப்பர் பந்தை, படுக்கை நகர்வதற்கு முன் ஒருமுறை அழுத்தி, மணி அடிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.